கில்லீன் வீட்டு ஆண்களின் ஆயுள்

"என்னை நம்பாட்டி போ, அரசாங்கக் கணக்கையே பாரு," என்றார் ஃபின்டன் கில்லீன்.

டிம்ப்னா லேப்டாப்பைத் திறந்து, அயர்லாந்தின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்தாள்.

இருபத்தாறு வருடமாக ஃபின்டன் ஞாயிறு தவறாமல் டிம்ப்னாவின் அடுப்படிக்கு வந்து, அவள் சமைத்த பன்றிக்கறியையும் முட்டைக்கோஸையும் சாப்பிட்டுப் போகிறார். தங்கள் கல்யாணப் பேச்சை அவள் எடுத்தால் ஒரே பதில்தான். கில்லீன் வீட்டு ஆண்கள் தொண்ணூறு வரை இருப்பவர்கள், என்ன அவசரம்?

சாட்சி, கொள்ளுத்தாத்தா டார்பி. 1926இல் இறந்தார், வயது 90 என்று கல்லறையிலேயே வெட்டியிருக்கிறது. தாத்தாவும் அப்பாவும் அறுபதுகளில் மாரடைப்பில் போனதை ஃபின்டன் விபத்துக் கணக்கில் சேர்த்திருந்தார்.

ஊர்ப் பட்டியலில் எல்லாப் பெயர்களும் நீலத்தில் இருக்க, டார்பி மட்டும் ஊதாவில் இருந்தார். அரசாங்கத்துக்கும் மரியாதை தெரிந்திருக்கிறது என்று ஃபின்டன் பூரித்துப்போனார்.

டிம்ப்னா அந்தப் பெயரைத் தொட்டாள். 1911. டார்பி கில்லீன், குடும்பத் தலைவர், வயது 75.

"பாத்தியா."

"பாத்தேன். பத்து வருஷம் முந்தினதையும் பாத்துடுவோம்."

1901. அதே டார்பி, அதே மனைவி, அதே கூரைவீடு. வயது 45.

பத்தே வருடத்தில் மனிதருக்கு முப்பது வயது ஏறியிருந்தது. மனைவிக்கு ஆறுதான் கூடியிருந்தது.

ஃபின்டனுக்குப் புரியாமல் இல்லை. இடைப்பட்ட காலத்தில்தான் எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் பென்ஷன் வந்தது. பிறந்ததற்கு அத்தாட்சி யாரிடமும் இல்லை. ஊரில் பாதி ஆண்கள் திடீரென்று கிழடு தட்டிப்போனார்கள். எழுபதே போதும் என்றாலும், சந்தேகம் வரக் கூடாதென்று டார்பி எழுபத்தைந்து போட்டுக்கொண்டார். கெட்டிக்காரர்.

அப்படியானால் அந்தக் கெட்டிக்காரர் செத்தது எழுபதில்.

வருகிற நவம்பரில் ஃபின்டனுக்கு எழுபது.

கையிலிருந்த கேக் துண்டைத் தட்டிலேயே வைத்தார். உண்மையிலேயே பயந்துவிட்டார்.

"டிம்ப்னா, இன்னிக்கே ஃபாதரப் போய்ப் பாத்து, கல்யாணத்துக்குத் தேதி கேட்டுடுவோமா?"

அவள் 1911க்குத் திரும்பி, பக்கத்து வீட்டுக்காரன் பெயரைச் சும்மா திறந்தாள், மூடினாள். நீலமாக இருந்த அந்தப் பெயரும் இப்போது ஊதாவாகியிருந்தது.

ஃபின்டன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே திறந்து பார்த்த பெயருக்குத்தான் அந்த நிறம்.

"எப்பப் பாத்த?"

"ஈஸ்டருக்கு முன்னாடி. பயத்துல இல்லாம, நீ ஆசையில கேக்குறியான்னு பாத்துட்டிருந்தேன்."

அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பொத்தான் போடக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வா. ஃபாதர் வயசு கேப்பாரு. நீயாவது உள்ளதச் சொல்லு."