கழுவிய கால்

வேலி ஓட்டை வழியாகக் கீரி வந்து ஒரு குஞ்சைத் தூக்கிப் போய்விட்டது. ஓட்டையை அடைக்கலாமா என்று தோட்டத்துப் பிராணிகளின் கூட்டம் நடந்தது. அடைக்கணும் என்றால் சாம்பல் மேட்டில் நிற்கணும், வேண்டாம் என்றால் செம்மண்ணில். கோழிகள் தங்களுக்காக, ஒரு காலில் நடுவிரல் இல்லாத சேவலை அனுப்பின.

சேவல் திரும்பி வந்தது. "அடைக்கணும்னு தொண்டை கிழியக் கத்தினேன். தோத்துட்டோம்."

குஞ்சைப் பறிகொடுத்த கோழி அதன் காலையே பார்த்தது.

"கால் ஏண்ணே ஈரமா இருக்கு?"

"கழுவினேன்."

"பொறந்ததுலேருந்து நீ கால் கழுவி நான் பார்த்ததே இல்லையே."

"என்னையே சந்தேகப்படுறியா?" என்று சேவல் சிலிர்த்தது.

கோழி மிச்சக் குஞ்சுகளோடு செம்மண்ணுக்குப் போய்ப் பார்த்தது. நடுவிரல் இல்லாத சேவலின் காலடி அங்கே அழுத்தமாகப் பதிந்திருந்தது.

"இந்த இடத்தை மட்டும் யாரும் கிளறாதீங்க கண்ணுங்களா. எல்லாரும் வந்து பார்க்கட்டும்" என்றது கோழி.