ஒட்டகம் குடித்த பிறகு

சகாரா பாலைவனத்துக் காத் ஊர்க் கிணற்றடியில் உச்சி வெயில். வணிகக்கூட்டத் தலைவி கெல்லாவின் நாற்பது ஒட்டகங்களில் முப்பத்தொன்பது குடித்து முடித்து, சுமையோடு தெற்கே மணல்மேடு தாண்டிவிட்டன. "இனி எங்கள் சரக்கை மட்டுமே ஏற்ற வேண்டும்" என்று கைநாட்டு கேட்டு பிரெஞ்சுத் துரையும் ஆங்கிலேயத் துரையும் ஆளுக்கொரு காகிதத்தோடு காலையிலிருந்து நிற்கிறார்கள். எதில் வைத்தாலும் மற்றவர் பாதை அவளுக்கு அடைபடும். தொப்பியிலிருந்து வழியும் வியர்வை பதக்கங்களில் சொட்டுகிறது. "முதலில் நான்தான் பேசுவேன்" என்று முழங்கையால் இடித்துக்கொள்கிறார்கள். "ஒட்டகம் குடிச்சு முடிக்கிற வரைக்கும் இங்க யாவாரம் பேசக் கூடாது, துரைமாரே. எங்க வழக்கம்" என்கிறாள் கெல்லா, சிரிக்காமல். "இன்னும் எத்தனை?" "இது ஒண்ணுதான்." இருவரும் அதன் வாலுக்குப் பின்னால் விறைப்பாக நிற்கிறார்கள். ஈர வால் வீசியதில் ஒரு காகிதம் நனைகிறது. சேணத்தில் ஏறி உட்கார்ந்தபடியே கெல்லா ஒட்டகத்தின் கழுத்தைத் தட்டுகிறாள்: "குடிச்சாச்சா கண்ணு? நட."