சனிக்கிழமை எண்ணெய்

"மண்வெட்டி எதுக்குய்யா? படகுக்கு மண்வெட்டி கேக்கறவன் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான்."

ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கரையில் மண்வெட்டியைத் தொப்பென்று போட்டாள் கன்னியம்மா. கீழே, மதகை ஒட்டிக் கிடந்த கொஞ்சநஞ்சத் தண்ணீரில் படகு மிதந்தது. அதற்குள் அவள் புருஷன் அப்பாதுரை, முழங்கை வரை கரியோடு, என்ஜின் முன்னால் குந்தியிருந்தான்.

"கெடக்கட்டும் அங்கயே" என்றான். வேலை முடியும்வரை வாய் திறக்காத ஆள்.

அவள் கவலை அவளுக்கு. அந்த எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. மார்கழி பிறந்தபோதே ஏரித் தண்ணீர் மதகு வாய்க்கு இரண்டு முழம் கீழே இறங்கிவிட்டது. கரைக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய அரை ஏக்கர் நெல், பால் பிடிக்கிற நேரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை தண்ணீர் பாய்ந்தால் போதும், பிழைத்துவிடும். டீசல் பம்புக்காரனோ பத்து நாள் கழித்துத்தான் வருவேன் என்கிறான். பயிர் மூன்று நாள்கூடத் தாங்காது. இந்த மனுஷன் என்னடாவென்றால் சத்தியநாதன் சார் படகை மாட்டுவண்டியில் ஏற்றி வந்து விளையாடிக்கொண்டிருக்கிறான்.

சார் கல்லூரிப் பேராசிரியர். சேலையூரில் அவர் வீட்டுக்கு அப்பாதுரைதான் வாட்ச்மேன். நாலு வருஷத்துக்கு முன்னால் சீமைக்குப் போனபோது சார் ஷெட்டில் விட்டுப் போன படகு அது. மற்ற விசைப்படகு மாதிரி இதற்கு விசிறி வெளியே தெரியாது. அடிவயிற்றால் தண்ணீரை உறிஞ்சி, பின்னால் பீய்ச்சியடித்துக்கொண்டு ஓடும். 'ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து வை' என்று போன வாரம் கடிதம் போட்டிருந்தார். போட்டதுதான் போட்டார், இதுதானா நேரம் என்று கன்னியம்மா அவரையும் சேர்த்துத் திட்டினாள்.

அப்பாதுரை கயிற்றைச் சுண்டி இழுத்தான். நாலு தடவை இருமிய என்ஜின், ஐந்தாவது தடவை பிடித்துக்கொண்டது. பிடித்ததுதான் தாமதம், நீலப் புகை கிளம்பி மதகையே மறைத்தது. ஒரு நிமிஷம் தடதடத்துவிட்டு அணைந்தது.

கரைமேல் நின்ற பக்கத்து வயல்காரர் பக்தவச்சலம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர் பயிரும் காய்ந்துகொண்டுதான் இருந்தது.

"இன்னா அப்பாதுரை, கொசுவுக்குப் புகை போடறியா? ஏரியே வத்திப் போச்சு, இதுல சவாரி வேறயா?"

"ஸ்டார்ட் ஆவட்டும்ணா, அப்பால சொல்றேன்."

பிளக்கைக் கழற்றினான். எண்ணெயாகச் சொட்டியது.

"பழைய பெட்ரோலைக் கொட்டியாச்சு. புதுசுல ஆயில் அளந்துதான் கலந்தேன். பிளக்கும் புதுசு. அப்பவும் இம்மாம் ஆயில் எங்கேர்ந்து வருது?" என்று தனக்குத்தானே புலம்பினான்.

கன்னியம்மாவுக்குச் சுருக்கென்றது. "எண்ணெ இருந்தா கெடுதலா?"

"ரெண்டு சொட்டு இருந்தா நல்லது. இது எருமை மாதிரி குடிச்சிகீது."

"சார் போம்போது சொன்னாரே, துருப் புடிக்காம அப்பப்ப பிளக்கு ஓட்டையில ரெண்டு சொட்டு வுடச் சொல்லி. நீ மறந்துடுவேன்னு நான்தான் வுட்டேன்."

"எப்போ?"

"சனிக்கிழமை சனிக்கிழமை."

"நாலு வருசமாவா?"

"உனக்குத் தலைக்கு வெக்கறப்பவே அதுக்கும் ஒரு கரண்டி." அவள் குரல் இறங்கியது. "சார் வெச்சிருந்த ஆயில் டின்னுலேர்ந்துதான்யா. நல்லெண்ணெ இல்ல."

திட்டப் போகிறான் என்று காத்திருந்தாள். அவனோ விழுந்து விழுந்து சிரித்தான். என்ஜினுக்கு அடியில் இருந்த திருகைக் கழற்றி ஒரு டின்னைப் பிடித்தான். கெட்டி எண்ணெய் கொழகொழவென்று இறங்கி அரை டின்னை நிரப்பியது. பிளக்கை மாட்டாமலே கயிற்றைப் பத்துப் பதினைந்து தடவை இழுத்து, மிச்சத்தையும் துப்ப வைத்தான்.

"ஒரு பொட்டுத் துரு இல்ல மே. நீ எண்ணெ வெக்கலேன்னா இது என்னிக்கோ காயலான் கடைக்குப் போயிருக்கும்."

கோபத்திலும் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

திருகையும் பிளக்கையும் மாட்டிவிட்டுப் படகைத் திருப்பினான். அதன் முதுகை மதகுப் பக்கம் வைத்து, மதகின் இரண்டு கல்தூணிலும் தடித்த கயிறு போட்டு இறுக்கினான்.

"கட்டறது எதுக்குய்யா?"

"பிச்சிக்கினு ஓடிடும்."

மறுபடி இழுத்தான். ஒரே இழுப்பு. புகை குபுகுபுவென்று வந்தது, அப்புறம் மெலிந்தது, அப்புறம் ஊதுபத்தி அளவுக்கு இளைத்துக் காணாமலே போனது. என்ஜின் சீராக உறுமியது. பக்தவச்சலம் மூக்கிலிருந்து துண்டை எடுத்தார்.

ஜெயித்துவிட்டான்தான். ஆனால் கரைக்கு அந்தப் பக்கம் வெளுத்துக் கிடந்த பயிர் கண்ணில் பட்டதும் கன்னியம்மாவுக்கு அழுகை முட்டியது.

"ஆச்சு இல்ல? கயித்தை அவுத்துக்கினு நீ போய் ஏரியைச் சுத்து. நான் காயற பயிரைப் பாத்துக்கினு நிக்கறேன்."

"அவுக்கறதா? இது எங்கயும் போவாது" என்ற அப்பாதுரை, கைப்பிடியை முழுசாகத் திருகினான்.

படகு முன்னால் பாயப் பார்த்தது. கயிறுகள் விறைத்து அதை அங்கேயே நிறுத்தின. நிமிர்த்தி வைத்திருந்த பின்குழாயிலிருந்து தொடைப் பருமனுக்குத் தண்ணீர் சீறிக் கிளம்பி, இரண்டு முழம் மேலேறி, நேராக மதகின் வாய்க்குள் போய் விழுந்தது.

"மண்வெட்டியை எடுத்துக்கினு ஓடு மே, நம்ம மடையைத் திற" என்று கத்தினான் அப்பாதுரை. "தண்ணி உனக்கு முன்னாடி வயலுக்குப் போயிடும்."

கன்னியம்மா குனிவதற்குள் மண்வெட்டிக் காம்பில் பக்தவச்சலத்தின் கை இருந்தது. அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு அவள் கரையிறங்கி ஓடினாள்.