நடுவில் இருந்த குமிழ்

ஒத்திகையில் மூன்றாவது முறையும் பாடகன் கிங்ஸ்லி பாட்டைப் பாதியில் நிறுத்தினான். “மெர்லின், உன் கிட்டார் கேக்கவே மாட்டேங்குது. சாயங்காலக் கச்சேரியை நீ இல்லாமலே சமாளிச்சுக்கறோமே?” என்று மைக்கிலேயே சொன்னான். டிரம்ஸ் வாசிக்கும் அன்வர் தலை குனிந்துகொண்டான்.

மெர்லினுக்குக் காது சுட்டது. இதுவரை அவள் சத்தத்தைக் கூட்டக் கூட்ட மற்றவர்களும் கூட்டினார்கள். இப்போது ஆம்ப்ளிஃபயர் முன் மண்டியிட்டுச் சத்தத்தைக் குறைத்தாள். தனக்குப் பிடித்த கனமான அடி ஒலியான பேஸை இறக்கிவிட்டு, நடு ஒலிகளைத் தூக்கிக் காட்டும், நடுவில் இருந்த ‘மிடில்’ குமிழைத் திருகி ஏற்றினாள். ஒரு கம்பியைத் தட்டினால் தகர டப்பாபோல் ஒலித்தது.

“முன்னாடி இருந்ததே தேவல,” என்றான் கிங்ஸ்லி.

“எல்லாரும் சேர்ந்து வாசிங்க. ஒரே ஒரு தடவை.”

டிரம்ஸ் இடித்தது, கீபோர்டு பரவியது. சந்தைக் கூச்சலில் யாரோ பெயர்சொல்லிக் கூப்பிட்டதுபோல, அவளுடைய கிட்டார் தனியாகக் கேட்டது. கிங்ஸ்லியின் மெட்டுக்கு அடியில், அதோடு ஒட்டாமல் அவள் வாசித்துவந்த வேறொரு மெட்டு முழுசாக வெளியே வந்தது. அவன் பாடுவதை விட்டுவிட்டுத் திரும்பினான்.

“ரெண்டு வருசமா இதையா வாசிச்சிட்டிருந்த?”

பாராட்டா, கோபமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அன்வர் தாளத்தை விடவில்லை. அவள் அடுத்த சரணத்துக்குள் போனாள்.