ஒரு சுழி அதிகம்

"கடிக்கிற நாய்தான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னா எப்படி தம்பி? இன்னும் இருபத்திரண்டு இருக்கு. ஒரு நடை வந்து பாருங்களேன்."

"வேண்டாம் மேடம். ஏழாம் நம்பர்தான்."

காப்பகப் பொறுப்பாளர் பேனா மூடியைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். மணி நாலரை. ஐந்துக்குப் பூட்ட வேண்டும். நாளைக் காலையில் வண்டி வந்துவிடும். ஐந்து மாதமாகியும் யாரும் எடுக்காத நாயை ஊருக்கு வெளியே இருக்கும் பட்டிக்கு ஏற்றிப் போகும். அங்கே போனால் ஆயுசுக்கும் சங்கிலிதான். இந்த முறை ஏறப்போவது ஏழாம் நம்பர் ஒன்றுதான்.

கொடுத்துவிட்டால் நாய் தப்பிக்கும். அவள் தப்பிப்பாளா? போன மாதம் "பரம சாது" என்று சொல்லி அவள் அனுப்பிய ஒன்று, மூன்றாம் நாளே அடுத்த வீட்டுப் பெண்ணின் கையைக் கவ்விவிட்டது. ஆறு தையல். "இன்னொரு கடி, அப்புறம் நீங்க வேற வேலை பார்த்துக்கலாம்" என்று மேலதிகாரி சிரிக்காமல் சொல்லியிருந்தார்.

"வீட்டுல யார் யாரு?"

"நானும் பொண்ணும்."

"பொண்ணுக்கு என்ன வயசு?"

"மூணு."

பேனா மூடி கை தவறி மேசைக்கடியில் உருண்டது.

"மூணு வயசுக் குழந்தை இருக்கற வீட்டுக்கா? அவங்க அம்மா என்ன சொல்றாங்க?"

"அவ இல்ல." சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நாலு மாசம் ஆஸ்பத்திரி. போன மாசம் போயிட்டா."

அவள் குனிந்து மூடியை எடுப்பதில் கொஞ்ச நேரம் கடத்தினாள்.

"குழந்தையை ஏன் கூட்டிட்டு வரல?"

"வேண்டாம்னுதான். தினமும் கேக்கறா."

"நாய் வேணும்னா?"

ஏதோ யோசித்துவிட்டு, "ஆமா" என்றான்.

பின்பக்கம் தகரம் அதிர்ந்தது. தொடர்ந்து குரைப்பு. கூண்டுகளைக் கவனிக்கும் மீசைக்காரர், கையில் வாளியோடு ஓடிவந்தார்.

"மேடம், மாப்பிள்ளைக்கு இன்னைக்கு என்னமோ ஆயிடுச்சு! கதவைப் பிறாண்டுற பிறாண்டுல நகமே போயிடும் போல."

ஏழாம் நம்பருக்கு அவர் வைத்த பேர் மாப்பிள்ளை. வந்த நாளிலிருந்து யாரோடும் ஒட்டாமல், சோற்றை வைத்தாலும் திரும்பாமல், முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி வாசலையே பார்த்துப் படுத்திருப்பான். ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூடக் குரைத்ததில்லை.

"பார்த்தீங்களா? உங்க முகத்தையே இன்னும் பார்க்கல. அதுக்குள்ள இந்த ஆட்டம்" என்றாள்.

"இவன் கொசுவைக்கூடக் கடிச்சதில்ல மேடம்" என்றார் மீசைக்காரர். "அட்டையில எழுதிட்டா ஆச்சா? என் மாமனார் வீட்டு வாசல்லகூட 'நல்வரவு'ன்னுதான் எழுதியிருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலையில் காப்பகத்தைத் திறக்க வந்தபோது, வாசல் கம்பியில் மாப்பிள்ளையை யாரோ கட்டிப்போட்டுப் போயிருந்தார்கள். கழுத்தில் ஓர் அட்டை: "கவணம். கடிக்கும்." தமிழ் வாத்தியார் மகளான அவள் கண்ணை முதலில் உறுத்தியது கடி இல்லை; இரண்டு சுழி ன வரவேண்டிய இடத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்த மூன்று சுழி ண. 'நாயை அநாதையா விட்டுட்டுப் போறவனுக்கு எழுத்து மட்டும் ஒழுங்கா வந்துடுமா?' என்று அன்றைக்கு வாய்விட்டே திட்டினாள். அந்த அட்டை இப்போது கூண்டுக் கதவில் தொங்குகிறது. நாய் பார்க்க வருகிறவர்கள் அதைப் படித்த மறுநொடி எட்டாம் கூண்டுக்கு நகர்ந்துவிடுவார்கள்.

எதிரே இருக்கும் இந்த ஆள் மட்டும்தான், வாசலில் ஒட்டியிருக்கும் நாய்ப் படங்களைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஏழு, ஏழு என்கிறான்.

"ஒரு தடவை நேர்லயாவது பாருங்க தம்பி."

"கையெழுத்துப் போட்டுட்டுப் பார்க்கறேன்."

நேரில் பார்க்காமலே கடிநாய் கேட்கிறவன் எப்படிப்பட்டவன்? காவலுக்கா? சண்டைக்கு விடவா? அவன் கண் அவள் தலைக்கு மேலிருந்த விதிமுறைப் பலகையை விட்டு அகலவில்லை. குரைப்பு நிற்கவில்லை. மணி நாலே முக்கால்.

"சரி, உறுதிமொழி எழுதுங்க. உங்க கைப்படவே எழுதணும். அதைப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்."

அவன் ஒரே ஒரு வரி எழுதினான். தாளை அவள் பக்கம் தள்ளினான்.

"ஏழாம் எண் நாயை எங்கள் வீட்டில் ஒருவனாக, கவணமாகப் பார்த்துக்கொள்வேன்."

படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பின்னாலிருந்து வந்த குரைப்பு இப்போது வேறு மாதிரி கேட்டது. பலகையின் ஐந்தாவது விதியை அவள் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, மனப்பாடம்: 'கைவிட்டுச் சென்றவருக்கு நாய் திரும்பத் தரப்படாது.'

பேனாவை எடுத்தாள். மூன்று சுழியில் ஒன்றை அடித்து, இரண்டாக்கினாள். பக்கத்திலேயே முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

"அண்ணே, அந்த அட்டையைக் கழட்டிக் கிழிச்சுப் போட்டுடுங்க."

மீசைக்காரர் வாளியை அங்கேயே வைத்துவிட்டு ஓடினார்.

"யாரும் கூட்டிட்டுப் போயிடக் கூடாதுன்னு 'கடிக்கும்'னு எழுதி மாட்டினீங்க, சரி" என்றாள் அவனிடம், குரலைத் தாழ்த்தி. "இப்ப போய், நீங்க வெச்ச பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. 'மாப்பிள்ளை'ன்னா அவன் திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல."