அளவு நோட்டு

இருபத்திரண்டு வருஷம் கழித்து ஊருக்கு வந்தவன் நேரே அவளுடைய தையல்கடைக்குத்தான் போனான். கல்யாணத்தைப் பதிவு பண்ண வரச்சொல்லிவிட்டு, ஆபீஸ் வாசலில் அவளைச் சாட்சிகளோடு காக்கவைத்து, பஸ் ஏறி ஓடியவன் அவன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் கூசிக்கொண்டே வந்தான்.

கழுத்தில் டேப்போடு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சட்டை ரெடி. போட்டுப் பாரு."

தொப்பையை எக்கிக்கொண்டு போட்டான். எக்கவே தேவையிருக்கவில்லை, கச்சிதமாக இருந்தது.

"என் அளவு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் அளவு நோட்டைத் திருப்பிக் காட்டினாள். மேலே அவன் பெயர். அவன் ஓடிப்போன அந்த வெள்ளிக்கிழமையில் தொடங்கி, வருஷத்துக்கு ஒரு வரி. இடுப்பு முப்பது, முப்பத்தொன்று, முப்பத்து நான்கு. நடுவில் ஒரு வருஷம் மட்டும் திடீரென்று இருபத்தெட்டு. வெளியூர் ஆஸ்பத்திரியில் கிடந்து அவன் எலும்பும் தோலுமாய்த் தேறிய வருஷம் அது. ஊரில் யாருக்கும் தெரியாது.

"இதெல்லாம் யார் வந்து குடுத்தது?"

"வேற யாரு, நீதான். வருஷா வருஷம் மன்னிப்புக் கேக்க வருவ. கேக்காமலே அளவு குடுத்துட்டுப் போயிடுவ."

டேப் அவன் இடுப்பைச் சுற்றியது. அவள் காத்திருந்தாள். அவன் வாயைத் திறந்தான்.

"கை கொஞ்சம் நீளமா இருக்கு," என்றான்.

அவள் தலையாட்டிவிட்டு இருபத்து மூன்றாவது வரியை எழுதினாள்.