கேடயம் உடையும் முன்

தேவாலயத்தின் உயரமான கண்ணாடி வழியே இறங்கும் இலையுதிர்காலத்து வெயில், பீடத்தின் முன் தலைகீழாகச் சாய்த்து வைத்திருக்கும் கேடயத்தின் மேல் விழுகிறது. கிரான்ஃபெல்ஸ் பிரபுக்களின் கடைசி ஆண்மகன் பக்கத்தில் சவப்பெட்டிக்குள் கிடக்கிறான். வாரிசு இல்லையென்றால் கேடயத்தை உடைத்து அவனோடு புதைத்துவிட்டு, கோட்டையையும் ஊரையும் ஆயர் எடுத்துக்கொள்வார். ஆயரின் வீரர்கள் பக்கத்து ஊரை என்ன செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கட்டியக்காரன் சுத்தியலோடு காத்திருக்கிறான். ஊர்ச்சனம் கூடி நிற்கிறது. மரத்தடுப்புக்குப் பின்னால் மருத்துவச்சி ஹேட்விக், இறந்தவனின் பத்தொன்பது வயது விதவை ஓட்டிலியாவின் வயிற்றில் கை வைத்திருக்கிறாள். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. விடியலில் வேலைக்காரி அலசிய, ஓட்டிலியாவின் இரத்தக்கறை படிந்த துணியையும் அவள் பார்த்திருக்கிறாள். "இருக்குன்னு சொல்லிடு," என்று கிசுகிசுக்கிறாள் ஓட்டிலியா. "பொய்னு தெரிஞ்சா என் நாக்கை அறுத்துடுவாங்க, அம்மா." "சொல்லலேன்னா இந்த ஊரையே அறுத்துடுவாங்க, ஹேட்விக்."

ஹேட்விக் எழுந்து தடுப்பைத் தாண்டி வருகிறாள். "கரு தங்கியிருக்கு!" என்று உரக்கச் சொல்கிறாள். கட்டியக்காரன் சுத்தியலைக் கீழே வைத்துவிடுகிறான். பெண்கள் வாய்விட்டு அழுகிறார்கள். ஒருத்தி ஓடிவந்து அவள் கையில் முத்தமிடுகிறாள். ஆயரின் தூதர் மட்டும் நிதானமாகக் கையுறையைக் கழற்றுகிறார். "எப்போ பொறக்கும்?" "பனி உருகுறப்போ, ஐயா." "நல்லது," என்று சிரிக்கிறார் அவர். "அதுவரைக்கும் நான் இங்கேயே தங்கறேன். சீமாட்டியோட அறைக்குப் பக்கத்துல எனக்கு ஒரு கட்டில் போடச் சொல்லு. உனக்கும் ஒண்ணு."